சார்லஸ் பிரான்சன்: எந்தப் படத்தில் தொடங்குவது, அந்த முகத்தில் எதைக் கவனிப்பது?

குறும்படக்காரன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. குறும்படங்களில் எனக்கு முரட்டு ஆள் வேடங்கள்தான் வருகின்றன. அதற்காக ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சனை ஒழுங்காகப் பார்க்க நினைக்கிறேன். இதுவரை பார்த்தது 'டெத் விஷ்' வரிசையின் கடைசிப் படங்கள் இரண்டு மட்டும். அவற்றில் துப்பாக்கியோடு நடக்கிறார், சுடுகிறார். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

எந்த வரிசையில் பார்ப்பது? 1951-லேயே திரைக்கு வந்தவர் நாயகனாக நிலைக்க ஏன் இத்தனை காலம் ஆனது? முகத்தை அசைக்காமலே மிரட்டுகிறார் என்கிறார்களே, நடிகன் கண்ணால் பார்த்தால் அங்கே என்னதான் நடக்கிறது?

பழைய ரீல்

தொடங்கக் கூடாத இடத்தில் தொடங்கிவிட்டீர்கள். 1980-களில் கேனன் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் செய்தவை ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

முதலில் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' (1960). ஏழு பேரில் ஒருவர்தான், ஆனால் அறிமுகமாகும் இடத்தைப் பாருங்கள்: காலைச் சாப்பாட்டுக்காக விறகு பிளந்துகொண்டிருக்கிறார். வேலை கேட்டு வந்தவர்களிடம் பேசும்போதும் கோடரி நிற்பதில்லை. பிறகு ஊர்ப் பையன்கள் மூன்று பேர் அவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். தங்கள் அப்பாக்களைக் கோழைகள் என்று அவர்கள் சொன்னதும் ஒருவனைப் பிடித்து அடித்துவிட்டு, குடும்பத்தைச் சுமப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று சொல்வார். அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அடுத்து 'தி கிரேட் எஸ்கேப்' (1963). இதுவும் அதே இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸ். முகாமில் சுரங்கம் தோண்டுவதில் கைதேர்ந்த டேனி, ஒரு கட்டத்தில் அதே சுரங்கத்துக்குள் போகப் பயந்து உடைந்துபோகிறான். முரட்டு நடிகர்கள் பலர் ஒத்துக்கொள்ளத் தயங்கும் காட்சி. அடுத்து 'தி டர்ட்டி டசன்' (1967). பன்னிரண்டு கைதிகளில் கடைசியில் உயிரோடு மிஞ்சுபவர் இவர் ஒருவர்தான். இந்த மூன்றையும் பார்த்த பிறகே 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) பக்கம் வாருங்கள். கூட்டத்தில் ஒருவராக எவ்வளவு அடக்கி வாசித்தார் என்று கண்டவருக்குத்தான் அங்கே அவர் நடுவில் நிற்பதன் கனம் தெரியும்.

அதன் பின் 'ரைடர் ஆன் தி ரெயின்' (1970), 'தி மெக்கானிக்' (1972), 'மிஸ்டர் மெஜஸ்டிக்' (1974), முதல் 'டெத் விஷ்' (1974), 'ஹார்ட் டைம்ஸ்' (1975). நடுவில் ஜப்பானிய நடிகர் தோஷிரோ மிஃபூனேயோடு நடித்த 'ரெட் சன்' (1971) வந்தால் பாருங்கள், ஜாலியான படம். முடிவில் ஷான் பென் முதன்முதலாக இயக்கிய 'தி இண்டியன் ரன்னர்' (1991). அதில் துப்பாக்கி பிடித்த பிரான்சனே கிடையாது, மனைவியை இழந்த வயதான தகப்பன் மட்டும்தான். முந்தைய வருடம் மே மாதம்தான் அவர் மனைவி ஜில் அயர்லாந்து மார்பகப் புற்றுநோயில் இறந்திருந்தார்.

கரித்துண்டு

காலதாமதம் பற்றிச் சொல்கிறேன். அவர் வாழ்க்கையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

பிறந்தது 1921 நவம்பர் 3, பென்சில்வேனியாவில் எஹ்ரென்ஃபெல்ட் என்ற நிலக்கரி ஊர். இயற்பெயர் சார்லஸ் புச்சின்ஸ்கி. லிதுவேனியாவிலிருந்து வந்த குடும்பம், பதினைந்து பிள்ளைகளில் பதினோராவது. அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். பையனும் சுரங்கத்துக்குள் இறங்கினான், டன்னுக்கு ஒரு டாலர் கூலி. இந்த டன் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்: வண்டியில் ஏறி எடை போட்ட கரிக்குத்தான் காசு. கூரை சரியாமல் மரமுட்டு கொடுப்பது, வழியில் கிடக்கும் பாறையை அப்புறப்படுத்துவது போன்ற வேலைகளுக்கு அந்தக் காலச் சுரங்கங்களில் பெரும்பாலும் தனிக்கூலி கிடையாது. பாதுகாப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூலியில் விழும் ஓட்டை. வீட்டில் அவ்வளவு வறுமை. போட்டுக்கொள்ளத் துணியில்லாமல் அக்காவின் கவுனைப் போட்டுப் பள்ளிக்கூடம் போனார் என்பது அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் குறிப்பிடும் செய்தி.

1943-ல் ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். குவாம் தீவிலிருந்து பறந்த பி-29 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரர். 25 தாக்குதல்களில் பறந்தார், காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றார். படை திரும்பியவர்களுக்கு அரசு கொடுத்த கல்வி உதவியில் ஓவியம் படித்து, அங்கிருந்து நாடகத்துக்கு நகர்ந்து, கலிபோர்னியாவில் பசடேனா பிளேஹவுஸில் பயிற்சி எடுத்தார். 'தெருவிலிருந்து பிடித்து வந்த முரடன்' என்று சிலர் எழுதுவது தவறு. முறையாகப் பயின்றவர், கடைசிவரை ஓவியம் வரைந்தவர்.

ஹாலிவுட்டில் சிக்கல் முகத்திலும் பெயரிலும் இருந்தது. 1950-களின் நாயகன் என்றால் நேரான மூக்கு, வழவழப்பான கன்னம். இவருக்குக் கிடைத்தவை அடியாள், குத்துச்சண்டைக்காரன், செவ்விந்தியன், மெக்சிகோக்காரன் வேடங்கள். 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' (1953) முப்பரிமாணப் படத்தில் வின்சென்ட் பிரைசின் வாய் பேசாத உதவியாளர். டைட்டிலில் புச்சின்ஸ்கி என்றுதான் வரும். கம்யூனிஸ்ட் வேட்டை சூடுபிடித்திருந்த நேரம், கிழக்கு ஐரோப்பியப் பெயர் வேலைக்கு இடைஞ்சலாகலாம் என்று 1954-ல் பெயரை மாற்றினார். 'டிரம் பீட்' படத்திலிருந்து பிரான்சன். அதிலும் மோடோக் பழங்குடித் தலைவர் வேடம்தான். பெயர் மாறியும் வேடம் மாறவில்லை.

1958-ல் இயக்குநர் ரோஜர் கோர்மனின் சின்ன பட்ஜெட் 'மெஷின் கன் கெல்லி'யில் நாயகன். அதைத் தேடிப் பாருங்கள்: கையில் இயந்திரத் துப்பாக்கி வைத்திருக்கும் கொள்ளைக்காரனுக்குச் சவப்பெட்டியைக் கண்டால் நடுக்கம். அதே வருடம் தொடங்கிய 'மேன் வித் எ கேமரா' தொலைக்காட்சித் தொடரிலும் அவர்தான் நாயகன், இரண்டு வருடத்தில் 29 பகுதிகள். ஆக, நாயக வேடம் கிடைக்காமல் இல்லை. பெரிய ஸ்டூடியோக்கள்தான் கொடுக்கவில்லை.

கதவு திறந்தது ஐரோப்பாவில். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' வேடத்தை முதலில் இவரிடமும் கேட்டார், இவர் மறுத்தார், அது கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குப் போனது. பிறகு 1968-ல் லியோனியோடு 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (சுருக்கமாக 'வெஸ்ட்'), அதே வருடம் பிரான்சில் பிரெஞ்சு நடிகர் அலன் டெலோனோடு 'அதியு லாமி'. இரண்டும் பிரான்சில் பெரிய வெற்றி. இத்தாலியர்கள் அவருக்கு 'இல் புருத்தோ' என்று பட்டப் பெயர் வைத்தார்கள், அழகற்றவன் என்று பொருள். எந்த முகத்தை அமெரிக்கா அடியாள் வரிசையில் நிறுத்தியதோ, அதைப் பார்க்கத்தான் அங்கே டிக்கெட் வாங்கினார்கள். 1970-ல் ஜப்பானில் மாண்டம் என்ற ஆண்கள் அழகுப் பொருளுக்கு விளம்பரம் செய்தார். அது விற்ற விற்பனையில் அடுத்த வருடம் அந்த நிறுவனம் தன் பெயரையே மாண்டம் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் முதல் பெரிய வெற்றி 'டெத் விஷ்'. அப்போது அவருக்கு வயது 52.

மூன்றாவது டேக்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், நடிகனுக்கு உதவுவது இதுதான்.

பிரான்சனைப் பார்த்துக் காப்பியடிப்பவர்கள் செய்யும் முதல் தப்பு, தாடையை இறுக்குவது. தாடை இறுகினால் கழுத்து நரம்பு புடைக்கும், தோள் காதுப்பக்கம் ஏறும், மூச்சு நெஞ்சுக்கு மேலே நின்றுவிடும். திரையில் அது பலமாகத் தெரியாது, பதற்றமாகத் தெரியும். ஒலியை அணைத்துவிட்டு 'வெஸ்ட்' ரயில் நிலையக் காட்சியைப் பாருங்கள். மூன்று துப்பாக்கிக்காரர்கள் எதிரே நிற்கிறார்கள். பிரான்சனின் தோள் இறங்கியிருக்கிறது, வாய் தளர்ந்திருக்கிறது. குதிரை ஒன்று குறைகிறதே என்று அவர்கள் கேலி செய்ததும் தலையை மெதுவாக ஆட்டி, இரண்டு அதிகம் என்கிறார். தலையசைப்பு முடிந்த பிறகுதான் வசனம் வருகிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தால் சாதாரண பஞ்ச் டயலாக் ஆகியிருக்கும்.

இரண்டாவது, கண். எதிராளியின் இரண்டு கண்ணையும் மாறிமாறிப் பார்த்தால் க்ளோஸ்-அப்பில் கருவிழி இங்குமங்கும் ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இமைப்பதை அடக்க வேண்டாம், அடக்கினால் கண் கலங்கும். எண்ணம் மாறும் இடத்துக்கு இமைப்பைத் தள்ளிப்போடுங்கள். பார்வை முதலில் நகர வேண்டும், தலை பிறகு, உடம்பு கடைசியில். பிரான்சன் திரும்பும் காட்சிகளில் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது.

மூன்றாவது, கை. இதுதான் அவர் சொத்து என்பேன். 'தி மெக்கானிக்' தொடக்கத்தில் 15 நிமிடத்துக்கு வசனமே இல்லை. எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு ஆளின் அறையைப் படம் பிடிக்கிறார், படங்களைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து படிக்கிறார், அறைக்குள் புகுந்து அடுப்பின் காஸ் இணைப்பில் கை வைக்கிறார், புத்தகத்துக்குள் வெடிபொருளை ஒளிக்கிறார். ஒரு பொருளைக்கூட இரண்டு முறை தொடுவதில்லை. எடுத்தால் எடுத்ததுதான். தொழில் தெரிந்தவனின் கை அப்படித்தான் இருக்கும். ஒத்திகையில் அந்தப் பொருளோடு குறைந்தது ஐம்பது முறையாவது கை பழக வேண்டும். பார்க்காமலே எடுத்து வைக்க வரும்வரை கேமரா முன் போகாதீர்கள். 'அதியு லாமி'யில் விளிம்புவரை நிரம்பிய கோப்பைக்குள் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுவார், ஒரு சொட்டும் வழியக் கூடாது என்பது பந்தயம். நாணயத்தைப் படுக்கையாகப் போட்டால் நீரின் மேல்பரப்பு உடைந்து வழிந்துவிடும். விளிம்பு கீழே வரும்படி செங்குத்தாகப் பிடித்து, நீரைத் தொட்ட பிறகுதான் விட வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள், விரலைக் கட்டுப்படுத்த அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

வசனம் குறைவு என்பதால் வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். 'வெஸ்ட்'டில் ஹென்றி ஃபோண்டா நீ யார் என்று கேட்கும்போதெல்லாம் இவர் செத்துப்போனவர்களின் பெயர்களை மட்டும் சொல்வார், எல்லாரும் ஃபோண்டாவின் பாத்திரம் கொன்றவர்கள். குரலில் கோபம் துளியும் இல்லை, பட்டியல் வாசிக்கிற தொனி. கோபத்தைச் சேர்த்திருந்தால் பார்ப்பவருக்கு வேலை இல்லாமல் போயிருக்கும்.

குறும்படக்காரன்

இது போதும் போல இருக்கிறதே! மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். 'வெஸ்ட்' இணையத்தில் பல நீளங்களில் கிடைக்கிறது, எது சரி? 'ஹார்ட் டைம்ஸ்' சண்டைகளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள், எங்கள் அடுத்த படத்தில் வெறும்கைச் சண்டை இருக்கிறது.

சுருள்பெட்டி

நீளம் பற்றி. 165 நிமிடத்தை ஒட்டியதுதான் வேண்டும். 1969-ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது பாரமவுண்ட் 145 நிமிடத்துக்கு வெட்டியது. அந்த வெட்டில் சில காட்சிகள் முழுசாகவே போய்விட்டதால் யார் எப்போது எங்கே போனார் என்பதே குழம்பும். அங்கே படம் ஓடாமல் போனதில் அதற்குப் பங்கு உண்டு. இத்தாலியில் இன்னும் நீளமான வடிவம் ஒன்று உண்டு, அது இரண்டாம் முறைக்கு. பழைய ஐரோப்பிய டிவிடியில் 158 அல்லது 159 நிமிடம் என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது வெட்டு இல்லை. நொடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேம்) எடுத்ததை ஐரோப்பிய டிவி முறையான பாலில் (PAL) 25-ஆக ஓட்டுவதால் நேரம் 4 சதவீதம் சுருங்குகிறது. குரலும் இசையும் அரைச் சுருதி அளவு ஏறிவிடும். இந்தப் படத்தில் மவுத் ஆர்கன் ஒரு பாத்திரம் மாதிரி என்பதால் அது உறுத்தும். என்னியோ மோரிக்கோனே இசையைப் படப்பிடிப்புக்கு முன்னாலேயே முடித்துக் கொடுத்தார், லியோனி அதைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நகர்த்தினார். சுருதி ஏறினால் நடைக்கும் இசைக்கும் உள்ள அந்தக் கனம் போய்விடுகிறது. மவுத் ஆர்கன் வாசித்தவர் பிராங்கோ தி ஜெமினி.

அந்த க்ளோஸ்-அப்கள் எப்படி வந்தன என்பதும் தெரிந்திருக்கட்டும். படம் டெக்னிஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுத்தது. சாதாரண 35 மி.மீ. சட்டத்துக்கு பிலிம் ஓரத் துளைக் கணக்கில் நான்கு துளை உயரம், இதற்கு இரண்டே துளை. பிலிம் செலவு பாதி. அகலத்திரைக்காகப் படத்தைப் பக்கவாட்டில் சுருக்கிப் பதியும் அனமார்பிக் லென்ஸ் தேவையில்லை, சாதாரண லென்ஸே போதும். அன்றைய அனமார்பிக் லென்ஸ்களைவிட முகத்துக்கு மிக நெருக்கமாகப் போய் ஃபோகஸ் பிடிக்க முடிந்தது. விலை என்னவென்றால், சட்டம் சின்னது என்பதால் திரையில் பிலிம் பொடி (கிரெயின்) அதிகம் தெரியும். உங்கள் டிவியில் இரைச்சல் குறைப்பு வசதி ஓடினால் அந்தப் பொடியோடு சேர்ந்து பிரான்சன் தோலின் குழிகளும் சுருக்கங்களும் வழிக்கப்பட்டு மெழுகு முகமாகிவிடும். அதை அணையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வராமல் திரை முழுக்க நிரம்பினால் ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள்.

'ரைடர் ஆன் தி ரெயின்' பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் எடுக்கப்பட்டது, இரண்டும் கிடைக்கும். பிரான்சனின் வாயசைவும் சொந்தக் குரலும் வேண்டுமானால் ஆங்கிலம்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் சிறையில் இருக்கும் ஒருவர் இதே பெயரை வைத்துக்கொண்டவர், 2008-ல் அவரைப் பற்றிப் படமும் வந்தது. பெயரோடு பிறந்த வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

மூன்றாவது டேக்

'ஹார்ட் டைம்ஸ்' வால்டர் ஹில் இயக்கிய முதல் படம். 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலம், நியூ ஆர்லியன்ஸ், காசுக்குக் கையுறை இல்லாமல் சண்டை. சரக்கு ரயிலில் வந்து இறங்குகிறார், ஜேம்ஸ் கோபர்ன் ஏற்பாடு செய்யும் முதல் சண்டையில் ஒரே குத்தில் எதிராளியை விழவைக்கிறார். அந்த ஒற்றைக் குத்தைப் பத்து தடவை ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் அவர் அசையவே இல்லை, எதிராளிதான் தோளை ஆட்டிக்கொண்டு சுற்றி வருகிறான். குத்தைப் பெரிதாக்கியது அந்தக் காத்திருப்புதான்.

உங்கள் படத்துக்கு: குத்தும் கை, வாங்கும் முகம், லென்ஸ் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தால், முஷ்டிக்கும் கன்னத்துக்கும் ஒரு அடி இடைவெளி இருந்தாலும் பட்டது போலத் தெரியும். பக்கவாட்டில் வைத்தால் அந்த இடைவெளி அம்பலமாகிவிடும். தலை திரும்புவது குத்து கடக்கும் அதே கணத்தில் இருக்க வேண்டும். புது நடிகர்கள் முன்கூட்டியே திருப்பிவிடுவார்கள், ஆகவே பாதி வேகத்தில் எண்ணிப் பழகுங்கள். ஹில் சண்டைகளை உடம்பு முழுக்கத் தெரியும் அகல ஷாட்களில் நிறைய வைத்திருக்கிறார், கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரிகிறது. கால் ஊன்றாத குத்துக்கு எத்தனை சத்தம் சேர்த்தாலும் எடை வராது. இன்னொன்று, சட்டையைக் கழற்றி நிற்கும்போது அவருக்கு 53 வயது. உடம்பு காட்டுவதற்காகக் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு சண்டைக் காட்சிக்கு வந்துவிடாதீர்கள். தலைசுற்றி நேரம் தவறினால் உண்மையாகவே பட்டுவிடும். ஸ்டன்ட் மாஸ்டர் இல்லாமல் செய்யவே வேண்டாம்.

பழைய ரீல்

கடைசியாக, முதல் 'டெத் விஷ்' பற்றி. அதை மற்ற நான்கோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். மூலக்கதை பிரையன் கார்ஃபீல்ட் எழுதிய நாவல். தனிமனிதப் பழிவாங்கலைக் கண்டித்து எழுதியது, படம் அதைக் கொண்டாடுகிறது என்று அவருக்கு வருத்தம். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் பிரான்சன் செய்ததை மட்டும் பாருங்கள். கட்டடக்கலைஞர், கொரியப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். முதல் ஆயுதம் துப்பாக்கிகூட இல்லை, காலுறைக்குள் போட்ட சில்லறை நாணயங்கள். அதால் ஒருவனை அடித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறார், கை நடுங்குகிறது. முதன்முறை சுட்டுக் கொன்ற இரவு வாந்தி எடுக்கிறார். அடுத்தடுத்த கொலைகளில் அந்த நடுக்கம் எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்பதுதான் அவர் நடிப்பு. 1982-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் படிகளே இல்லை, தொடக்கத்திலிருந்தே முடிவு செய்துவிட்ட மனிதர். மூன்றாவது (1985) கதைப்படி நியூயார்க், பெரும்பகுதி எடுத்தது லண்டனில். மைக்கேல் வின்னர் இயக்கத்தில் ஆறு படங்கள் நடித்தார், முதல் நான்கும் பார்க்கத் தகுந்தவை. இயக்குநர் ஜே. லீ தாம்ஸனோடு ஒன்பது. அவற்றில் '10 டு மிட்நைட்' (1983) பரவாயில்லை.

முதல் படத்தின் தொடக்கத்தில் வீட்டுக்குள் புகுந்து தாக்கும் காட்சி மிகக் கொடூரமானது, வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள்.